தலைக்கு மேல் மூன்று விரல்

"கேரவன்னா சினிமாக்காரங்க மேக்கப் போட உக்கார்ற வண்டி. இது பால் வேன்."

டைலரம்மா இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் புருஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பால் வேனா இருந்துச்சு, எட்டு மாசத்துக்கு முன்னாடி. இப்போ கேரவன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். சொல்லிவிட்டு வண்டியின் பக்கவாட்டுத் தகட்டை ஒரு தடவு தடவிக்கொள்வார்.

அவரைப் பட்டறையில் பாடி மேஸ்திரி என்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டியவர். இன்ஜினும் சக்கரமும் மட்டுமாக வந்து நிற்கும் வண்டிக்குத் தரை, சுவர், கூரை, ஜன்னல், சீட் எல்லாம் போட்டு ஆளாக்கி அனுப்புவார். அவர் கட்டிய பஸ்களில் ஏறி ஊர் உலகமே எங்கெங்கோ போய்வந்தது. அவர் மட்டும் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நின்ற மறுநாள் ஒரு பழைய பால் வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, இனிமேல் இதில்தான் குடித்தனம் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடலோரமாகவே போய்க்கொண்டிருப்பது, பிடித்த இடத்தில் பத்து நாள் தங்குவது. டைலரம்மா ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு போகிற இடத்தில் தைப்பாள். இவர் அங்கங்கே தகடு வேலை, பற்றவைப்பு வேலை பார்ப்பார். ஆசைக்கு என்ன, அது பாட்டுக்கு வளரும்.

வாடகை வீட்டுக்காரருக்கு இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் மூன்று வருஷம் அதே வீட்டில் இருப்பதாகக் கையெழுத்துப் போடுவதா, காலி செய்வதா என்பதே கேள்வி. முடிவு டைலரம்மாவின் கையில் இருந்தது. "ஒரே ஒரு நாள் போய் இருந்து பாக்கறேன். சாயங்காலம் சொல்றேன்," என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு நாளை நினைத்து மேஸ்திரி ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அவளும் தூங்கவில்லை. காரணம் வேறு.

விஷயம் இதுதான். டைலரம்மா தன் புருஷனை விட நாலு அங்குலம் உயரம். அவர் ஐந்தடி ஐந்து, அவள் ஐந்தடி ஒன்பது. ஊரில் பாதிப் பேரின் உடம்பு அவளுக்குக் கால் அங்குலம் பிசகாமல் அத்துப்படி என்பதால் இந்தக் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் முப்பத்தோரு வருஷமாக இந்தக் கணக்கு மேஸ்திரிக்குத் தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

அதெப்படி முடியும், அந்த மனுஷனுக்குக் கண் இல்லையா என்று கேட்கத் தோன்றும். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரில் இருந்தவள் டைலர். தன் உடுப்பை எப்போதும் தரையைக் கூட்டுகிற மாதிரி மூன்று அங்குலம் நீளமாகவே வெட்டித் தைத்துக்கொள்வாள். உள்ளே முழங்கால் மடிந்திருப்பது வெளியே தெரியாது. அவருக்கு நெட்டுக்கோடு போட்ட சட்டைதான், இடுப்பு ஏற்றி வைத்த பேண்ட்தான். தெருவில் போனால் அவர் நடைபாதை மேல், அவள் கீழே ரோட்டில். போட்டோ எடுக்கிறார்கள் என்றால் முதலில் நாற்காலி தேடுகிறவள் இவள். தோளைச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, ஒரு மாதிரி கூனிக்கொண்டே காலம் ஓடிவிட்டது. மகள் ஐந்தடி ஒன்பதுக்கு வளர்ந்து நின்றபோது, "எங்க சித்தப்பா உயரம்," என்று மேஸ்திரியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அந்தச் சித்தப்பா ஐந்தடி மூன்றுகூட இருக்கமாட்டார்.

எல்லாம் ஆரம்பித்தது கல்யாணமாகிப் பத்தாவது நாள். மேஸ்திரியின் அக்கா வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து நிற்பதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டி மாதிரியா இருக்கு? பள்ளிக்கூடத்துல புள்ளைய விட வந்த அம்மா மாதிரி இருக்கு," என்று சொல்லிக் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை டைலரம்மா பார்த்தாள். அன்றைக்கு மடக்கிய முழங்கால்தான். சொன்ன அக்கா காபியைக் குடித்துவிட்டு மறந்துபோய்ப் போய்விட்டாள்.

இப்போது வண்டிக்கு வருவோம். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பஸ்ஸுக்குக் கூரை உயரம் சட்டப்படி. ஆனால் ஒருத்தர் தனக்கென்று சின்ன வண்டி கட்டச் சொன்னால் டேப்பை எடுக்கமாட்டார்கள். ஆளையே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நிற்கவைத்து, உச்சந்தலையில் மூன்று விரலைப் படுக்கவைத்து, அதற்கு மேல் கூரை. அதிகம் வைத்தால் காற்று பிடித்து வண்டி ஆடும், அதுவும் கடற்கரைக் காற்று என்பார்கள். மேஸ்திரி தன் கேரவனுக்குத் தானே நின்றுகொண்டார். "நீயும் நானும் ஒரே உசரம்தானே, உன்னை வேற எதுக்குக் கூப்பிட்டு நிக்கவெக்கணும்?" என்று பெருமையாக வேறு சொன்னார். அவர் தலைக்கு மேல் மூன்று விரல் என்றால் ஐந்தடி ஏழு. கட்டில் நீளமும் அதே ஐந்தடி ஏழு.

கூரைத் தகடு ஏறிய அன்றே டைலரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சரி என்று சொன்னால், இனி வாழ்நாளெல்லாம் சமைக்கும்போதும் நடக்கும்போதும் அந்தத் தகட்டுக்குக் கீழே குனிந்தே கிடக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல, முதுகுவலி என்று ஒரு பொய்யையும், கடல் என்றால் பயம் என்று இன்னொரு பொய்யையும் தயாராக வைத்திருந்தாள். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் முகம் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லலாம் என்ற எண்ணம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. முப்பத்தோரு வருஷம் கட்டிக் காத்த பொய், அவ்வளவு சுலபமாக விட்டுவிட மனசு வருமா.

காலையில் கிளம்பினார்கள். கஷ்டம் என்னவென்றால் அவளுக்கு அது பிடித்துவிட்டது.

நகரம் முடிந்து, குடோன்கள் முடிந்து, ஒரு திருப்பத்தில் சாலை கடலோரத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு வீடும் இல்லை, கடையும் இல்லை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கல்லும் புதரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள். முகத்தில் உப்புக் காற்று அடித்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்ததால் கழுத்தை நீட்டிக்கொள்ளலாம், காலை நீட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம்தான் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கற?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"பிடிச்சிருக்கா?"

"சாயங்காலம்."

பத்து மணிக்கு ஒரு மேட்டில் நிறுத்தி டீ போட்டார்கள். அங்கேதான் சங்கடம். டைலரம்மா அடுப்புக்கு முன்னால் முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, டீத்தூளைத் தேடினாள். மேஸ்திரி நடுவில் நிமிர்ந்து நின்று தன் தலைக்கு மேல் மூன்று விரலைப் படுக்கவைத்துக் காட்டினார். "பாத்தியா? கரெக்டா இருக்கா? இடிக்குதா? இடிக்கவே இடிக்காது!"

"இடிக்கல," என்றாள் அவள், கழுத்து வலியோடு.

அவர் ஒவ்வொரு டிராயராக இழுத்துக் காட்டினார். கத்தரிக்கோலுக்கு ஓர் இடம், பட்டன் டப்பாவுக்கு ஓர் இடம். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டிராயர் முழுக்கச் சின்னச் சின்ன ஆணி அடித்து, நாற்பது நிற நூல்கண்டை வரிசையாகக் குத்தி நிற்கவைத்திருந்தார். இவ்வளவு யோசித்த மனுஷன் ஒரே ஒரு தடவை தன்னைக் கூப்பிட்டு நிற்கவைத்திருக்கக்கூடாதா என்று அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. உடனே, கூப்பிட்டிருந்தாலும் மடங்கித்தானே நின்றிருப்போம் என்றும் தோன்றியது. டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் ஆறிய டீயைக் குடித்தார்கள். அவர் தினமும் நீட்டும் சத்து மாத்திரையை அவள் அதோடு முழுங்கினாள்.

மதியம் தார் ரோடு முடிந்தது. குறுக்கே ஒரு கம்பு போட்ட கேட். பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கேட்காரர். அங்கிருந்து நாலு கிலோமீட்டருக்குப் பாதை கடல் மணல்தான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, இன்னொரு பக்கம் அலை. கடல் இறங்கியிருக்கும்போது மட்டும் வண்டி போகலாம்.

கேட்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி வரைக்கும் வழி இருக்கும். மூணு மணிக்கு மேல அதுல மீன்தான் போகும்," என்றார். "முன்னாடி போன வண்டியோட தடத்தைப் பிடிச்சே போங்க. நடுவுல நிறுத்தவே கூடாது. நின்னா மண்ணு இழுத்துக்கும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வந்தாலும் அந்தக் கரையில போய்ப் போட்டுக்குங்க."

"எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை," என்றார் மேஸ்திரி.

கேட்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கம்பைத் தூக்கினார். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

ஈர மணல் கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. டைலரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறது, அதில் நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வாய்விட்டே சொன்னாள். பாதி தூரம் வந்திருப்பார்கள். ஒரு குலுக்கலில் பின்னால் நூல்கண்டு டிராயர் திறந்துகொண்டு படார் படார் என்று அடிக்க ஆரம்பித்தது.

"நான் மூடிட்டு வரேன்," என்று எழுந்தாள். மனசு இருந்த சந்தோஷத்தில் குனிய மறந்துபோனாள். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, உச்சந்தலை கூரைச் சட்டத்தில் ணங்கென்று மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது.

வேறு ஒருவர் என்றால் ஓட்டிக்கொண்டே, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார். மேஸ்திரியின் காது முப்பத்திரண்டு வருஷம் பட்டறையில் பழகிய காது. வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தாலும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். போனது. வண்டி நின்றது.

"என்ன சத்தம் அது?"

"டிராயர்தான். போங்க, போங்க, நிறுத்தாதீங்க!"

"டிராயர் கீழ இருக்கு. சத்தம் கூரையில வந்துச்சு."

"ஏதோ பாத்திரம் எகிறி அடிச்சிருக்கும். முதல்ல வண்டியை எடுங்க!"

அவர் எடுத்தார். பின் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் இரண்டும் மணலில் பாதி புதைந்திருந்தன.

மேஸ்திரி போனை எடுத்தார். சிக்னல் இல்லை. மணி ஒன்று தாண்டியிருந்தது. கடல் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் சற்று முன் பார்த்த இடத்தில் இல்லை. "போச்சு. எட்டு மாசம். எல்லாம் போச்சு," என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டைலரம்மாவுக்கு, நாளைக் காலையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இன்று துணி கொண்டுவந்து கொடுக்கிறவர்களைச் சமாளித்துச் சமாளித்து ஒரு பழக்கம் வந்திருந்தது. "அழுதா வண்டி ஏறுமா? என்ன பண்ணணும், சொல்லுங்க," என்றாள்.

"டயர்ல காத்தைக் குறைக்கணும். மண்ணைத் தோண்டிச் சக்கரத்துக்குப் பின்னாடி பலகை வெச்சு, வந்த தடத்து மேலயே ரிவர்ஸ் எடுக்கணும். பலகைக்கு எங்க போறது?"

"கட்டில் பலகை?"

அவர் அடிபட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார். ஒரு மாசம் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய ஆறு பலகை.

"கழட்டுங்க," என்றாள்.

அவர் டயரில் காற்றை இறக்கிவிட்டு, கட்டிலின் திருகாணிகளைக் கழற்றினார். அவள் சட்டியாலும் தட்டாலும் மண்ணை வாரினாள். வாரிய இடத்தில் தண்ணீர் ஊறியது, மறுபடி வாரினாள். ஒருவழியாகப் பலகைகளைச் சொருகினார்கள். மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார். சக்கரம் பலகை மேல் ஏறுகிறதா, விலகுகிறதா என்று பின்னால் ஓர் ஆள் நின்று பார்த்துச் சைகை காட்ட வேண்டும். டைலரம்மா போய் நின்றாள். வழக்கம் போல முழங்காலை மடக்கி, தோளைச் சுருக்கி நின்றாள்.

"தெரியலம்மா!" என்று கத்தினார். "கண்ணாடியில உன் கை மட்டும்தான் தெரியுது! நிமிந்து நில்லு!"

அவள் கையை மட்டும் இன்னும் உயரமாகத் தூக்கினாள்.

"கை வேண்டாம், ஆளு தெரியணும்! நிமிந்து நில்லேன்!"

அலை ஒன்று வந்து, அவளுக்குப் பத்தடி தள்ளி நுரையை விட்டுவிட்டுப் போனது. டைலரம்மா அதைப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தையும் பார்த்தாள். போகட்டும், வண்டியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். முதலில் முழங்கால் நிமிர்ந்தது, பிறகு இடுப்பு, கடைசியில் கழுத்து. தன் உயரத்திலிருந்து பார்த்தபோது கடல் நன்றாகவே தெரிந்தது.

"இடப்பக்கம் ஒடிங்க! இன்னும்! போதும், விடுங்க!"

ஒரு பலகை முறிந்தது. இரண்டாவது தடவை சக்கரம் பாதி ஏறி வழுக்கியது. மூன்றாவது தடவை வண்டி முனகிக்கொண்டு மேலே வந்து, வந்த தடத்தில் இருபதடி பின்னால் போனது.

"நிறுத்தாதீங்க! பள்ளத்தைச் சுத்தி அப்படியே முன்னால போங்க! நான் வந்து ஏறிக்கறேன்!"

"எப்படி ஏறுவ?"

"போங்கன்னா போங்க!"

வண்டி பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மெல்ல முன்னே ஊர்ந்தது. டைலரம்மா உடுப்பை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயசில், நீளக் கால்களை முழுசாக எட்டிப் போட்டு, அப்படி அவள் ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ. பக்கக் கதவைப் பிடித்து ஒரே தாவில் படியில் ஏறினாள்.

"பலகை அங்கேயே கிடக்கே!" என்றார் அவர்.

"கடல் படுத்துக்கட்டும். ஓட்டுங்க!"

மேஸ்திரி ஓட்டினார். பிழைத்த சந்தோஷம் இருக்க வேண்டிய முகத்தில் அது இல்லை. அடிக்கடி பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார், அதில் இப்போது வெறும் மணல்தான் தெரிந்தது.

அந்தக் கரையில் பாதை மேடேறிச் சரளைத் தரையில் முடிந்தது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். "இறங்கி வா," என்றார்.

அவள் இறங்கினாள். இறங்கும்போதே முழங்கால் தன்னால் மடிந்துகொண்டது.

"அங்க நில்லு. ஜன்னல்கிட்ட."

"எதுக்கு?"

"நில்லேன்."

நின்றாள். மேஸ்திரி நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். "அந்த ஜன்னல் மேல் சட்டம் தரையில இருந்து அஞ்சடி எட்டு. நான் அடிச்ச சட்டம். மண்ணுல நீ நின்னப்போ உன் தலை அதுக்கு மேல இருந்துச்சு."

"வண்டி புதைஞ்சிருந்துச்சுல்ல? அதான் அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"சரி. பக்கத்துல ஓடி வந்தியே, அப்பவும் சட்டத்துக்கு மேலதான் இருந்துச்சு. அப்ப வண்டி புதைஞ்சா இருந்துச்சு?"

டைலரம்மாவுக்கு எதையும் வெட்டி ஒட்டுப் போட்டுச் சமாளித்துத்தான் பழக்கம். இதற்கு ஒட்டுப் போடத் துணி இல்லை. நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். நீள உடுப்பு, மடக்கிய முழங்கால், நடைபாதை, நாற்காலி, நெட்டுக்கோடு சட்டை. "உங்க அக்கா அப்படிச் சொன்னப்போ நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. அதை என்னால தாங்க முடியல. என்னால நீங்க யார் முன்னாடியும் குனியக் கூடாதுன்னுதான்..."

மேஸ்திரி வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவை ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயந்துதான் குனிஞ்சேன்," என்றார். "வாயைத் திறந்தா பெரிய சண்டையா ஆயிருக்கும். அதுக்குப் போயா?"

"அப்ப உங்களுக்கு அவமானமா இல்லையா?"

"அவமானமா? ஏம்மா, நான் உன்னை முதல்ல எப்பப் பாத்தேன், சொல்லு."

"எங்க கடைக்கு வந்தீங்க. சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கக் கொடுக்க."

"ஆமா. மேல் தட்டுல ஒரு ரெக்ஸின் ரோல் இருந்துச்சு. கடையில இருந்த ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஸ்டூலைத் தேடிட்டு இருந்தாங்க. நீ வந்து, கையை நீட்டி, அப்படியே எடுத்துக் கொடுத்த. பண்ணுனா இந்தப் பொண்ணைத்தான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். நீ உசரம்னு எனக்குத் தெரியாதா? அதைப் பாத்துத்தானே வந்தேன்!"

டைலரம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"அப்புறம் கல்யாணமாகி, கொஞ்ச நாள்ல நீ குறைய ஆரம்பிச்ச," என்றார் மேஸ்திரி. "வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்த. என் வீட்டுக்கு வந்ததால நீ இப்படி ஆயிட்டன்னு நெனச்சேன். அந்த இருட்டு ரூமு, மெஷின், வேலை, புள்ளை... குனிஞ்சு குனிஞ்சு தேஞ்சு போயிட்டன்னு. கேட்டா உனக்கு வருத்தமா இருக்கும்னு கேக்கல. ஒரு டாக்டர்கிட்ட மட்டும் கேட்டேன். எலும்பு தேஞ்சா அப்படி ஆகும்னார். அதுக்குத்தான் தினமும் டீயோட அந்த மாத்திரை."

"அது சத்து மாத்திரைன்னு சொன்னீங்க!"

"சத்துதான். எலும்புக்கு."

"பதினோரு வருஷமா முழுங்கறேன்!"

"இந்த வண்டிகூட அதுக்குத்தான். உன்னை அந்த வீட்டுல இருந்து வெளிய கூட்டிட்டு வந்துட்டா, வெயிலு காத்துல, இருக்கற உசரமாவது குறையாம நிக்கும்னு..." தோள் குலுங்க அழுதார்.

டைலரம்மாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கோபம் வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என் முழங்கால் ரெண்டும் போச்சு! கழுத்து போச்சு!"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்னைத் தேய்ச்சுட்டேன்னு எத்தனை நாள் தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா?"

"ஒரே உசரம்னு வாய் கூசாமச் சொன்னீங்களே!"

"உன் மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்!"

சண்டையே வராத அந்தத் தம்பதி கால் மணி நேரம் நன்றாகச் சண்டை போட்டார்கள். முப்பத்தோரு வருஷத்துப் பாக்கி அல்லவா. கேட்பதற்கு அங்கே கடலைத் தவிர யாரும் இல்லை. கடைசியில் மேஸ்திரி, "உன் தலையைக் காட்டு. கூரையில வந்த சத்தம் நீதானே?" என்றார். அவள் குனிந்து காட்டினாள். உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அவர் தண்ணீரில் துணியை நனைத்து வைத்து அழுத்தினார். சண்டை அதோடு நின்றது.

பிறகு அடுப்பை இறக்கி வெளியே வைத்துச் சமைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேஸ்திரி உள்ளே போய்க் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து மேலே ஏறியும் பார்த்தார். "பக்கச் சட்டத்தை அறுத்து அரை அடி தூக்கலாம். காத்து பிடிக்கும். பிடிச்சா என்ன, மெதுவாப் போவோம். கட்டில் எப்படியும் புதுசாத்தான் போடணும்," என்று தனக்குள் பேசிக்கொண்டார். முடிவு என்ன என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

ஐந்தரை மணிக்கு அந்த மேட்டில் போனுக்குச் சிக்னல் வந்தது. டைலரம்மா போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் மேஸ்திரி.

"வீட்டுக்காரருக்கு. சாயங்காலம் சொல்றேன்னு சொன்னேன்ல? சாயங்காலம் ஆயிடுச்சு."

"என்ன சொல்லப் போற?"

அவள் எண்ணை அழுத்தினாள். மேஸ்திரி கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் எடுத்தார். காது கொஞ்சம் மந்தமானவர் என்பதால் அவர் போனில் பேசினால் பத்தடிக்குக் கேட்கும்.

"சொல்லும்மா, இருக்கீங்களா, காலி பண்றீங்களா?"

"காலி பண்றோம் சார். ஆனா ஒரு மாசம் டைம் வேணும். வண்டியில கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. கூரையைத் தூக்கிக் கட்டணும்."

"கூரைக்கு என்ன? வண்டி வாசல்ல நின்னப்போ நான்கூட ஏறிப் பாத்தேனே. மேஸ்திரி நல்லா நிமிந்து நின்னாரே!"

"அவர் நிப்பார் சார்," என்றாள் டைலரம்மா. "அவர் அஞ்சடி அஞ்சு. நான் அஞ்சடி ஒன்பது."

"நீங்களா? இத்தனை வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியவே தெரியாதேம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"எங்க மேஸ்திரிக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும் சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச, நேராக நின்றுகொண்டாள்.